என் குச்சியும் அவள் டப்பாவும்

மார்ச் 4

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆய்வு தொடங்கிவிட்டது. காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் இரண்டு மாதிரி. மூக்கில் குச்சி விட்டு நான் எடுப்பது ஒன்று. டப்பாவில் எச்சில் துப்பவைத்துப் புது நர்ஸ் எடுப்பது இன்னொன்று. எது வைரஸைச் சரியாகக் காட்டுகிறது என்று பார்க்கப் போகிறார்களாம்.

அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நறுக்கிய எலுமிச்சைப் படம் ஒன்றைக் காட்டுகிறாள், பிள்ளைகளுக்கு வாய் ஊறுகிறது, சிரித்துக்கொண்டே துப்புகிறார்கள். எலுமிச்சை என்றே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டேன். என்னைக் கண்டால் அதே பிள்ளைகள் நாற்காலிக்கு அடியில். "இது சரியா வந்துட்டா பிள்ளைங்களுக்குக் குச்சியே வேண்டாம்மா" என்கிறார் டாக்டர். எத்தனை வருஷக் கை இது! வயிறு எரிகிறது.

மார்ச் 7

இன்று ஒரு பிள்ளை அவளுக்குப் படம் வரைந்து கொடுத்தது. எனக்கு உதை.

மார்ச் 11

துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் வாயில் போடக் கூடாது. வாசலில் ஒரு பையன் ஜூஸ் குடித்ததை அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சொல்லித் தொலைத்தேன். "நல்லவேளைக்கா" என்றாள். சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச் 14

என் மகனுக்குக் காய்ச்சல். அவன் அப்பா கூட்டி வந்தார். கையுறையோடு என்னைப் பார்த்ததும் நேரே அவளிடம் ஓடினான். "அம்மா வேணாம் ஆன்ட்டி, நீங்க டப்பா குடுங்க." பெற்றவள் நானா, அவளா?

பிறகு என் முறை. "வலிக்குதும்மா" என்றான். கை நின்றுவிட்டது — மற்றவர் பிள்ளைகளிடம் ஒரு நாளும் நிற்காத கை. பாதியிலேயே குச்சியை எடுத்து மாதிரிக் குழாயில் போட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 15

மகனின் எச்சிலில் ஃப்ளூ. மூக்கில் ஒன்றுமில்லை.

"குச்சி தவறவிட்டதை எச்சில் பிடிச்சிருச்சு!" டாக்டர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எலுமிச்சை மட்டும், "அக்கா கை தப்பாதே டாக்டர், இன்னொரு தடவை பாத்துடலாமா?" என்றாள். கரிசனமாம். அதுதான் இன்னும் எரிந்தது.

மார்ச் 17

உண்மையைச் சொன்னால் என் பெயர் கெடும்; ஆனால் அவள் கணக்கில் ஒன்று குறையும். குறையட்டும் என்றுதான் போனேன். நேர்மை, மண்ணாங்கட்டி எல்லாம் இல்லை.

"பாதியிலேயே எடுத்துட்டேன் டாக்டர். அவன் அழுதான்... தாங்கல."

அவனுடைய இரண்டு மாதிரிகளையும் ஆய்விலிருந்து நீக்கினார். அப்புறம், "உங்களுக்கே தாங்கலைன்னா, தினமும் வெளிய நிக்கிற அம்மாக்களுக்கு எப்படிம்மா இருக்கும்?" என்றார்.

என் வாயாலேயே அவளை ஜெயிக்க வைத்துவிட்டேனா?

ஏப்ரல் 22

முடிவு வந்துவிட்டது. எச்சிலும் ஏறக்குறைய குச்சிக்குச் சமமாம். துப்பத் தெரிந்த பிள்ளைகளுக்கு இனி டப்பா. கைக்குழந்தைகளுக்கு மட்டும் குச்சி. என் மேஜையைக் கைக்குழந்தைகள் அறைக்கு மாற்றினார்கள்.

இவர்களுக்குத் துப்பத் தெரியாது. என்னைக் கண்டு ஓடவும் தெரியாது. இன்று ஒன்று, அழுது ஓய்ந்த பிறகும் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எலுமிச்சை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கட்டும்.