டிஸ்க்கில் ஏறாத புறா

செப்டம்பர் 2, செவ்வாய்

புறாப் பந்தயச் சங்கம் இன்று என்னை முறைப்படி ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தது.

அவரவர் கூட்டில் புறா வந்திறங்கும் நேரத்தைக் கடிகாரம் தானே பதிந்துகொள்ளும். கடிகாரங்களைக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் நான் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவேன். உண்மையில் எழுதி முடித்த பிறகே "முடிந்தது" என்று காட்டும்படி வைத்திருந்தேன். அதற்குள் பியர் சூடாகிவிடுகிறதாம். செயலாளர் டெனிஸ், "கிளாரி, நீங்க நல்லவர்தான். உங்க மிஷின்தான் நத்தை" என்றாள். எனக்கு எதிராக முதலில் கை தூக்கியவன் என் நெடுநாள் போட்டியாளன் ஸ்டிப்பே.

இனி கணினி எல்லாவற்றையும் நினைவில் வாங்கிக்கொண்டு உடனே "எழுதியாச்சு" என்று பல்லிளிக்கும். எழுதுவது அப்புறம், சௌகரியப்படி. பொய் சொல்லும் பெட்டிக்குத்தான் என்ன வரவேற்பு!

செப்டம்பர் 3

புறாக்களிடம் மட்டும் பேசினேன்.

செப்டம்பர் 6, சனி

கூபர் பீடி என்ற ஊரிலிருந்து புறாக்களைப் பறக்கவிடும் கோப்பைப் பந்தயம். அதுவரை என் நீலப் பெட்டைப்புறா முதலிடம். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக ஸ்டிப்பேயின் கடிகாரம். மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் தன் புறா இறங்கியதையே அவன் பார்க்கவில்லை. திரையில் நான் பார்த்தேன். என் பெட்டையை முந்திவிட்டது. "எழுதியாச்சு" என்றது பெட்டி. வழக்கம்போல் டெனிஸ் அடுத்த பந்தயத்துக்காகக் கடிகாரத்திலிருந்த பதிவை அழித்தாள். அந்த நேரம் பார்த்து சங்கத்து ரெஜ், 'இறைச்சிப் பை' என்கிற பலகாரத்தைச் சூடாக்கும் அடுப்பைச் சொருக டிஸ்க்கின் பிளக்கைப் பிடுங்கினான்.

"ஒரு நிமிஷம்தானே பெருசு!"

திரும்பச் சொருகினால், டிஸ்க்கில் எழுதியிருந்த எல்லாரும் இருக்கிறார்கள், இன்னும் எழுதாமல் கிடந்த ஸ்டிப்பே இல்லை.

"டிஸ்க்ல இருக்கறதுதான் ரிசல்ட்" என்று டெனிஸ் கோப்பையை என் கையில் திணித்தாள். தன் புறா பிந்திவிட்டதாக்கும் என்று நினைத்து ஸ்டிப்பேயும் கை தட்டினான். கோப்பை இப்போது என் மேஜைமேல் அசிங்கமாக மின்னுகிறது.

செப்டம்பர் 7

பார்த்தது நான் ஒருவன்தான். வேகம் கேட்டான், அனுபவிக்கட்டும்.

கை தூக்கியது அவன். அந்தப் புறா என்ன செய்தது? பறந்தது. அவ்வளவுதானே — சீ!

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்டிப்பேயின் புறாதான் ஜெயித்தது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

டெனிஸ்: "டிஸ்க்ல இல்லாதத நம்பாதீங்கன்னு வருஷக்கணக்கா கத்தினது நீங்கதானே?"

"எழுதி முடிச்சத நம்புன்னு சொன்னேன். நான் பார்த்து முடிச்சவன்."

ஸ்டிப்பே எழுந்தான். "எனக்குப் பிச்சை போடறியா, கிழவா?"

"உனக்கு நான் பச்சைத்தண்ணி கூடத் தரமாட்டேன். உன் புறாவுக்காகப் பேசறேன்."

கோப்பை ஸ்டிப்பேக்கே என்று கை தூக்கினார்கள். இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சங்கம் என் பேச்சைக் கேட்டது. அதுவும் நான் தோற்பதற்கு. பழைய மெதுவான அமைப்பும் திரும்பி வந்தது.

செப்டம்பர் 13, சனி

வரிசை வாசல்வரை நின்றது. இறைச்சிப் பை ஆறிப்போனது. ஸ்டிப்பே பிளக்குக்கு முன்னால் நாற்காலி போட்டு, யார் வந்தாலும் முறைத்துக்கொண்டிருந்தான்.

அவன் கடிகாரம் ஏறும்போது, "முடிஞ்சுதா, கிளாரி?" என்றான்.

"இன்னும் இல்ல."

"சரி. மெதுவா."