பார்க்காமல் போட்ட கையெழுத்து

மச்சான்,

காலையில் மழை விட்டதும் சைட்டில் சாரம் கட்ட ஒரு லோடு சவுக்குக் கம்பு இறக்கினார்கள். அந்த ஈரப்பட்டை வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் அந்த நாலு மாடிக் கட்டடத்துக்கு நாம் ரெண்டு பேரும் சூப்பர்வைசர்கள். நீ கடலூரிலிருந்து பஸ் பிடித்து எனக்கு முன்னால் வந்து நிற்பாய். கிழக்குப் பக்கம் உனக்கு, மேற்கு எனக்கு. உன் ஆட்கள் கட்டும் சாரத்தை நான் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், என்னுடையதை நீ. "காக்காய்க்குத் தன் குஞ்சு பொன்குஞ்சுதான் மச்சான். அடுத்தவன் பாத்தாதான் கருப்புன்னு தெரியும்" என்பாய். கையெழுத்து ஆன பிறகும் ஆட்களை உடனே ஏற்ற மாட்டாய். முதலில் நீ ஏறிப் பலகையில் நின்று ரெண்டு மிதி மிதிப்பாய். "என்னையே தாங்கிச்சின்னா யாரையும் தாங்கும்" என்று தொந்தியைத் தட்டிக்கொள்வாய். சித்தாள்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்த ஆளைக் கான்கிரீட் லாரிக்கு இழுத்துக்கொண்டார்கள். மூன்றாம் மாடிப் பலகையின் ஒரு முனை கயிறு சுற்றாமலே நின்றுவிட்டது. எனக்கு முட்டிவலி. நீ கட்ட வைத்த சாரம்தானே, இதில் என்ன இருக்கப்போகிறது என்று கீழே நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி நீ ஏறினாய். பெல்ட்டின் கொக்கியை மாட்டக் கை நீட்டும்போதே பலகை தூக்கி உன்னைக் கீழே தள்ளிவிட்டது. உன் பின்னால் ஏணியில் ரெண்டு சித்தாள்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் இன்றைக்கும் வேலைக்கு வருகிறார்கள்.

கால் வழுக்கிவிட்டது என்று ஆபீசில் எழுதினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது எல்லாச் சாரத்திலும் நானே ஏறுகிறேன். முட்டி கெஞ்சுகிறது. கூட இருக்கும் சூப்பர்வைசர், "என்னா சார், நான் கட்டுனதுல நம்பிக்கை இல்லியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பேசாமல் ஏறிவிடுகிறேன்.

போன வாரம் கடலூர் போய் உன் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டேன். அவன் வழுக்கி விழவில்லை தங்கச்சி, பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று. வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"ஊருக்கெல்லாம் பாத்து ஏறு, பாத்து ஏறுன்னுட்டு, தான் பாக்காம ஏறிட்டாரேன்னு அமாவாசைக்கு அமாவாசை திட்டிக்கிட்டேதான் அவுருக்குப் படைச்சேன். இத மொதல்லியே சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

அவள் கேட்டது என்னோடு பஸ் ஏறி வந்தது, மச்சான். இன்னும் இறங்கவில்லை.