முத்துமீனாவுக்குத் திரும்பப் பால் ஊறிய சேதி

திருமங்கலம் தாலுகா
16-8-1993

அன்பு மகன் பேச்சிமுத்துவுக்கு உன் ஐயா கண்ணுச்சாமி எழுதுவது. இங்கே நான், உன் ஆத்தா, உன் பெண்டாட்டி முத்துமீனா, பிள்ளை செல்வி நாலு பேரும் சுகம். கடல் தாண்டி அந்தமானில் ரோடு போடுகிற நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாக உன் கடிதம் சொல்கிறது, அதை நம்பி இருக்கிறோம். முதலில் இந்தக் கையெழுத்துக்கு நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இது டீக்கடை முத்திருளன் எழுதியது இல்லை, நானே எழுதுகிறேன். பால் சொசைட்டி கட்டடத்தில் நடக்கிற அறிவொளி வகுப்புக்குப் பங்குனியிலிருந்து போகிறேன். அறுபத்தி மூன்று வயதில் பேனா பிடித்தால் விரல் கேட்க மாட்டேன் என்கிறது. ஒரு எழுத்து பருத்தும் அடுத்தது சுருங்கியும் வருகிறது, வரி மேட்டுக்கு ஏறிப் பள்ளத்துக்கு இறங்குகிறது, நான் வெட்டிய பாத்தி ஒருநாளும் இப்படிக் கோணியது இல்லை. ஆனாலும் எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

முத்திருளன் நல்லவன்தான், ஆனால் நான் சொல்லச் சொல்ல அவன் எழுதும்போது பெஞ்சில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு இருப்பார்கள். நம் வீட்டுப் பெண்ணின் பால் விஷயத்தை முழுசாக அங்கே வைத்து எப்படிச் சொல்வது. அதனால் முன்னே போட்ட இரண்டு கடிதத்திலும் எல்லாரும் சௌக்கியம், முத்துமீனாவுக்குக் காய்ச்சலில் பால் நின்றுவிட்டது, திரும்ப வருமா என்று பார்க்கிறோம், பிள்ளை டப்பாப் பால் குடித்துக் கொழுகொழு என்று இருக்கிறாள் என்று எழுதச் சொன்னேன். அதில் பாதி பொய். திருமங்கலம் ஸ்டுடியோவில் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ஏன் ஐயா இப்படி இளைத்திருக்கிறாள் என்று நீ கேட்டு எழுதினாய். போட்டோ பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. வைகாசியில் முத்துமீனாவுக்கு டைபாய்டு வந்து மதுரை ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். பிள்ளை இங்கே உன் ஆத்தாவிடம் இருந்தாள். முத்துமீனாவுக்கு அங்கே மாரில் பால் கட்டிப்போய் வலி தாங்கவில்லை. பக்கத்து வீட்டு முருகம்மாள் காய்ச்சல்காரி பால் பிள்ளைக்கு விஷம், அதை வற்ற வைத்துவிட்டால் வலியும் போகும் பயமும் போகும், மல்லிகையை வைத்துக் கட்டுங்கள் என்றாள். உன் ஆத்தாவும் சரி என்றாள். நானும் சரி என்றேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம் தோட்டத்து மல்லிதான், சீசன் நேரம், மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய நல்ல கொழுத்த அரும்பாகப் பார்த்து நான்தான் பறித்துக்கொண்டு போனேன். உன் ஆத்தா சரம் கட்டி, அவள் மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒரு வாரத்தில் பால் நின்றது. நாங்களும் பெரிய காரியம் முடித்ததுபோல வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

அதற்குப் பிறகு பிள்ளைக்குப் புட்டிப்பால். புட்டியைக் கழுவியது போதவில்லையோ, தண்ணீர் சரியில்லையோ, ஆனியில் இரண்டு தரம் வயிற்றால் போய்க் கண் உள்ளே போய்விட்டது. இரண்டாம் தரம் திருமங்கலம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முத்துமீனா பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது தம்பி. என் தோட்டத்துப் பூ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆடி முதல் புதன்கிழமை நர்சம்மா அன்னக்கொடி ஊசி போட வந்தது. பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தாய்ப்பால் எங்கே போச்சு என்று கேட்டது. பூ வைத்த கதையைச் சொன்னோம். "காய்ச்சல்னா பீச்சி விட்டுக்கிட்டாவது இருந்திருக்கணும், பூவக் கட்டச் சொன்னது ஆரு?" என்று கேட்டதற்கு நான் கூரையைப் பார்த்தேன், உன் ஆத்தா அடுப்பைப் பார்த்தாள், முருகம்மாள் தன் வீட்டில் ஏதோ கருகுகிறது என்று போய்விட்டாள். பிறகு நர்சம்மா, நின்ற பால் திரும்ப வரும், பிள்ளை சப்பச் சப்பத்தான் வரும், ஒன்பது மாசப் பிள்ளை என்றாலும் முயற்சி செய்து பார்க்கலாம், முழுசாக வராவிட்டாலும் வந்த மட்டும் லாபம் என்றது. அதைக் கேட்டு முத்துமீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து நான் பார்த்து இரண்டு மாசம் இருக்கும்.

ஆனால் பிள்ளை மாரை மறந்துவிட்டாள். கிட்டே கொண்டுபோனாலே வில்லாக வளைந்து கத்துகிறாள். மூன்று நாள் தெருவே கேட்க அழுகை. முத்துமீனா வெளியே வந்து "எம்புள்ளைக்கே நான் வேத்தாளாப் போயிட்டேன் மாமா" என்று அழுதாள். நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நாலாம் நாள் நர்சம்மா சொன்னபடி பிள்ளையை மேலில் துணி இல்லாமல் நெஞ்சோடு அணைத்துப் படுத்து, அரைத்தூக்கத்தில் வைத்துப் பார்த்ததில் பிடித்துக்கொண்டாள். சப்பினால் ஏதாவது வர வேண்டும், வராவிட்டால் விட்டுவிடுவாள் என்று நர்சம்மா ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கொண்டுவந்து கொடுத்தது. ஒரு முனை பால் டம்ளரில், மறு முனையை மாரோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டுவது. பிள்ளை சப்பும்போது டம்ளர் பால் குழாய் வழியாக வருகிறது, மார்தான் கொடுக்கிறது என்று அவள் நம்பிக் குடிக்கிறாள். சப்புகிற சப்பில் உள்ளேயும் ஊறத் தொடங்கும். ஒவ்வொரு தரமும் குழாயை வெந்நீரில் அலச வேண்டும், புட்டியைத் தொடவே கூடாது என்றது. புட்டியை உன் ஆத்தா உடைத்தே போட்டாள்.

இதில் என் வேலை ஒன்று இருக்கிறது. டம்ளர் மேலே இருந்தால் பால் தானாகப் பாயும், பிள்ளை சோம்பேறி ஆகிவிடுவாள். கீழே இருந்தால் அவள் இழுத்துக் குடிக்க வேண்டும். உன் ஆத்தா பிடித்துப் பார்த்தாள், கை வலித்து ஒரு நேரம் ஏற்றினாள், ஒரு நேரம் இறக்கினாள். வாய்க்கால் மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று நாற்பது வருஷம் பார்த்தவன் நான், இது எனக்குத் தெரியாதா. விட்டத்திலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டு, சாண் சாணாக ஐந்து முடிச்சுப் போட்டு, டம்ளர் உட்காருகிற மாதிரி ஒரு கம்பி வளையம் பண்ணி மாட்டிக் கொடுத்தேன். முதலில் மேல் முடிச்சு, பிள்ளைக்குப் பலம் வர வர ஒவ்வொன்றாகக் கீழே. நர்சம்மா பார்த்துவிட்டு "பெரியவரே, உங்களை எங்க ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேத்துக்கலாம்" என்று சிரித்தது. பால் கொடுக்கும்போது நான் அந்த அறைப் பக்கம் போவதில்லை. மருமகளிடம் பால் ஊறுகிறதா என்று மாமனார் கேட்கவும் முடியாது. அவள் எழுந்துபோன பிறகு வளையம் எந்த முடிச்சில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்வேன். முதல் வாரம் முழுக்க மேல் முடிச்சு. பத்தாம் நாள் இரண்டாவது. அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் திருமங்கலம் போய் அவளுக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தேன்.

உன் ஆத்தா செய்கிற கூத்தையும் கேள். பூ வாசம் பட்டாலே பால் போய்விடும் என்று மல்லி பறித்துவிட்டு வருகிற என்னை வாசலில் நிறுத்தி "போய்யா, பம்பு செட்டுல குளிச்சிட்டு வாய்யா" என்று விரட்டுகிறாள். தலையில் வைத்தால்கூட ஒன்றும் ஆகாது, மாரில் கட்டாமல் இருந்தால் போதும் என்று நர்சம்மா சொல்லிப் பார்த்தது. "ஒனக்கென்ன தாயி, ஒனக்குப் படிப்பு இருக்கு, எனக்குப் பயம் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். ஒரு மாசமாக நான் தினமும் இரண்டு குளியல். ஊரில் எனக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது என்று கேலி செய்கிறார்கள்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. இனிமேல் முத்திருளனிடம் கொண்டுபோக வேண்டாம் என்று நானே வீட்டில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி முத்துமீனாவுக்குப் படித்துக் காட்டினேன். அதில் ஒரு இடத்தில் இனிமேல் எங்கே பால் வரப்போகிறது, அவளை வீணாக அலைக்கழிக்காமல் டப்பாப் பாலே கொடுக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் நான் படிக்காமல் தாண்டிவிட்டேன். நீ பிரியத்தில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் குழாயை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள். ஒரு நாளைக்கு ஒன்பது பத்துத் தரம் பிள்ளையை மாரில் போடுகிறாள், களையெடுப்புக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். அவளுக்கு நீ ஒரு வரி தனியாக எழுது. நீ செய்வது சரி என்று எழுதினால் போதும்.

இதுவரைக்கும் எழுதி நாலு நாள் ஆகிவிட்டது, மீதியை இன்று வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். நேற்று முத்துமீனா ரேஷன் கடையில் சீனிக்கு நின்றாள். வரிசையில் முன்னால் யாரோ ஒரு வெளியூர்க்காரி கையில் கைப்பிள்ளை, அது பசிக்கு அழுதிருக்கிறது. அழுகையைக் கேட்டதும் இவளுக்கு நெஞ்சு கூசி, பார்த்தால் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பையையும் கார்டையும் அங்கேயே போட்டுவிட்டு ஓட்டமாக ஓடி வந்தாள். என்னமோ ஏதோ என்று நான் எழுந்து நின்றேன். என்னைத் தாண்டி உள்ளே போனாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் ஆத்தா வாசலுக்கு வந்து "ஏ முருகம்மா, ஊறிருச்சுடி, அம்புட்டும் நனைஞ்சுபோச்சுடி" என்று தெருவுக்கே சொன்னாள். நான் கூச்சப்பட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு ரேஷன் பையை வாங்கப் போனேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன் தம்பி.

முழுசாக வந்துவிட்டது என்று எழுத மாட்டேன், உன்னிடம் இனிப் பொய் இல்லை. இன்னும் நாளைக்கு மூன்று டம்ளர் குழாய்ப் பால் போகிறது, முன்பு ஏழு. மசித்த சோறும் பருப்பும் தின்கிறாள். பிள்ளை நனைக்கிற துணி நாளைக்கு ஏழெட்டு ஆகிறது, அது நல்லது என்று நர்சம்மா சொன்னது. வயிற்றுப்போக்கு இந்த ஒரு மாசமாக இல்லை. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, இதை நான் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

நீ அங்கே மழையில் நனைந்து வேலை செய்யாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கேள், பக்கத்து ரூம்காரன் சொல்வதைக் கேட்காதே. நம் கருப்பசாமி துணையில் நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை நர்சம்மா தராசு கொண்டுவருகிறது. பிள்ளை எடை எத்தனை என்று நானே முள்ளைப் பார்த்து அன்றைக்கே உனக்கு எழுதிப் போடுகிறேன்.

இதோ செல்வி விழித்து அழுகிறாள். முத்துமீனா குளிக்கப் போயிருக்கிறாள். முன்பெல்லாம் புட்டியை யார் பிடித்தாலும் குடிப்பாள், நான் பிடித்தாலும் குடித்தாள். இப்போது தூக்கினால் என் தோளைத் தள்ளிவிட்டு, அவள் ஆத்தா போன பக்கமே கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்துகிறாள். என்ன ஆட்டினாலும் என்னிடம் நிற்கவில்லை. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது.

தன் கையால் எழுதிய
உன் ஐயா
கண்ணுச்சாமி