அசிங்கம் பிடித்த துரையைப் பற்றி

அம்மாடி,

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடு.

நேற்று நான் "இந்த அசிங்கத்தை யாருக்காவது கொடுத்துத் தொலை" என்று கத்தினதற்கு, இன்று மாலையே உன் முயல் துரையைக் கொண்டுபோக ஆள் வருகிறான் என்று போனில் சொல்லிவிட்டாய். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்றமில்லை. உன் துரை தான் போட்ட புழுக்கையையே தின்கிறது. பார்த்த கண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கூண்டைத் திறந்தால் வருகிற நாற்றத்தில் சுவர்க் கடிகாரம் சற்று நின்று, மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஓடுகிறது.

ஆனால் ஒன்று. முட்டி வைத்தியர் கெஞ்சியும் குனியாத நான், அந்தக் கண்றாவியைக் கூட்ட தினமும் குனிகிறேன். உன் அம்மா போனபின் மத்தியானம்வரை படுத்துக் கிடந்தவன், இப்போது விடிந்ததும் எழுந்துவிடுகிறேன். எழாவிட்டால் அது பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டும். கீழ்வீட்டுக்காரர் பூகம்பமென்று பிள்ளைகுட்டியோடு தெருவுக்கு ஓடுவார். அதோடு, காலையிலேயே திட்டுவதற்கு எதிரில் ஒரு மூஞ்சி வேண்டியிருக்கிறது. மனுஷன் வாய் துருப்பிடிக்கக் கூடாது.

வருகிற ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து, அப்பா மனசு மாறிவிட்டார் என்று சொல்லாமல், முயல் ஓடிப்போய்விட்டது என்று சொல்லி அனுப்பு. கூண்டு காலி. துரை என்னோடு பூங்காவில் இருக்கிறது. அவன் போனதும் போன் பண்ணு, வருகிறோம்.

அப்பா

பி.கு: கூடை அகப்படவில்லை. உன் புதுக் கைப்பையில் வைத்துத் தூக்கிப் போகிறேன். திரும்பி வந்ததும் அவசரப்பட்டு உள்ளே கை விடாதே.