பாக்கெட்டுக்குக் கேட்ட முகம்

மரக்காணம்
செப்டம்பர் 22

அன்புள்ள பிராங்க்ளினுக்கு அம்மா எழுதுவது. நீ போட்ட அந்தப் பதிவுக்குப் பிறகு நம் கொட்டகையிலிருந்து ஒரு லாரி உப்பும் வெளியே போகவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நலம் விசாரிக்கிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. மெல்போர்னில் குளிர் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் நான் சத்தம் போடுகிறேன், நீ பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கையால் எழுதுகிறேன். உன் தங்கச்சி மெர்லின் படம் எடுத்து அனுப்புவாள். முழுசாகப் படி.

உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்கு ஒதுங்க ஒரு பந்தல் கேட்டு ரோட்டோரம் உட்கார்ந்தார்கள், அது உனக்குத் தெரியும். பேசலாம் என்று குத்தகைக்காரர்கள் சொன்னதும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள், அது உனக்குத் தெரியாது. நீ, அந்தப் பெண்களில் அமுதவல்லியை மெர்லின் எப்போதோ எடுத்த படத்தை, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாளே அதை எடுத்து, இவர்களுக்கு நிழல் கிடைக்கும்வரை மரக்காணம் உப்பை வாங்காதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிட்டாய். யார் யாரோ அதைப் பரப்பினார்கள். புதுச்சேரி ஓட்டல்காரர்கள், இரும்பை கிராமத்துப் பக்கம் இருக்கிற இயற்கை அங்காடிக்காரர்கள், எல்லோரும் வரிசையாகப் போன் போட்டு, சாப்பிட வர்றவங்க கேக்குறாங்கக்கா, கொஞ்ச நாள் வேணாம் என்றார்கள். அம்பாரம் அம்பாரமாக உப்பு நிற்கிறது. வாங்க ஆளில்லாமல் எதற்கு வாருவது என்று குத்தகைக்காரர்கள் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மழை பிடித்துவிட்டால் இந்த வருஷத்து வேலை அதோடு முடிந்தது. உன் அப்பா காலை நீட்டிக்கொண்டு, ஊரெல்லாம் பிள்ளைங்க அப்பன் கடையைத் தூக்கி நிறுத்துதுங்க, உன் பிள்ளை அம்மா கடையை மெல்போர்ன்ல இருந்தே இழுத்து மூடிட்டான், கெட்டிக்காரன் என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அமுதவல்லி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். நான் தராசு வாங்கி உப்பு வியாபாரத்தில் இறங்குவதற்கு முன்னால் அவளும் நானும் ஒரே லாரிக்கு உப்பு சுமந்தவர்கள், அதனால் அவள் என்னிடம் தயங்கிப் பேச மாட்டாள். பந்தல்தானே மேரிக்கா கேட்டோம், உப்பு துன்னாதீங்கன்னு யாருக்குச் சொன்னோம் என்று கேட்டாள். உன் நண்பர்கள் அவள் படம் போட்டு விற்கிற டீ-ஷர்ட் ஒன்றை மெர்லினுக்கு அனுப்பினாயே, அதைக் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது கோஷம் போட்ட கை இல்லையாம், உப்பு ஏற்ற லாரியைப் பின்னால் எடுத்த டிரைவர் மணிகண்டனுக்குக் காட்டிய கையாம். துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, இவ்ளோ மொத்தமா இருக்குது, இத போட்டுக்கினு பாத்தியில எறங்குனா வெந்துடுவேன் என்று மடித்துக் கொடுத்துவிட்டாள்.

பிராங்க்ளின், நான் வியாபாரி, வியாபாரியாகவே சொல்கிறேன். நீ ஒரு ஷூ கம்பெனியைப் புறக்கணிக்கிறேன் என்று சொல்லி இன்னொரு கம்பெனி ஷூவை வாங்கினாய். நம் உப்பை வேண்டாம் என்ற ஓட்டல்காரரும் சப்பென்று சமைக்கவில்லை, வேறு ஊர் உப்பை இறக்கிவிட்டார். அந்த ஊர்ப் பெண்களுக்குப் பந்தல் இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? வாங்காதே என்று சொல்வதற்கு ஒரு விரல் போதும். மறுபடியும் வாங்க வைக்க நான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும்.

இதற்கு நடுவில் பரத் என்று ஒரு பையன் சென்னையிலிருந்து காரில் வந்தான். அழகான பாக்கெட்டில் தானியம், நாட்டுச் சர்க்கரை விற்கிற கம்பெனி. அதே படத்தைப் பார்த்துத்தான் வந்தானாம். மொத்த அம்பாரத்தையும் எடுத்துக்கொள்கிறேன், பாக்கெட்டில் அமுதவல்லி முகம் வேண்டும், பேர் போராளி உப்பு, இப்போது ஜனங்கள் பொருளை வாங்குவதில்லை ஆன்ட்டி, அதன் பின்னால் இருக்கிற போராட்டத்தைத்தான் வாங்குகிறார்கள் என்றான். நீ வாங்காதே என்று போட்ட படத்தை அவன் வாங்கு என்று போடப் போகிறான். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை, மழைக்கு முன்னால் உப்பு நகர்ந்தால் போதும். ஒத்துக்கொள் என்று அமுதவல்லியிடம் நானே சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "பாக்கெட்ட கிழிச்சுதானேக்கா உப்பக் கொட்டுவாங்க. என் மூஞ்சியக் கிழிச்சுக் குப்பையில போடவா?" என்றாள். வாழ்க்கையெல்லாம் மூட்டை கட்டியவள் நான், அதைக் கிழிக்கிற கையை நினைத்துப் பார்த்ததே இல்லை. முகம் இல்லாவிட்டால் இது சாதாரண உப்புதானே என்று பரத் இழுத்தான். சாதாரண உப்புதான் சார், கரிக்குதா இல்லையான்னு நக்கிப் பாருங்க என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, உப்பு நனையக் கூடாதுன்னு தார்ப்பாய் போட்டு மூடுற, எங்களுக்குத் தலைக்கு மேல ஒண்ணும் இல்ல, படம் வேணும்னா பந்தலப் போட்டு அதப் புடிச்சுக்கச் சொல்லு, பந்தலுக்கு மூஞ்சி இல்ல என்றாள்.

பரத்துக்கு அது பிடித்துவிட்டது. பந்தல் நின்றால்தான் படம், படம் கிடைத்தால்தான் லாரி. குத்தகைக்காரர்களிடம் நான் இதை இப்படித்தான் சொன்னேன், நியாயம் பேசவில்லை. மறுநாளே கம்பங்கள் வந்து இறங்கின. கிளியனூரிலிருந்து மேலே வேயத் தென்னங்கீற்று மட்டும் இன்னும் வரவில்லை. பெருமுக்கல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே இருக்கிறது, இந்தக் கடிதத்தை எழுதுகிறபோதே நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கீற்று முந்துமா மழை முந்துமா தெரியாது.

அண்ணன் பேசாமல் இருந்திருந்தால் குத்தகைக்காரர்கள் பேசலாம் பேசலாம் என்றே காலத்தை ஓட்டியிருப்பார்கள் என்று மெர்லின் என்னோடு சண்டை போடுகிறாள். அதில் பாதி உண்மை, நான் மறுக்கவில்லை. வாயை மூடு என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அடுத்தவர்களுக்காகப் பேசுவதற்கு முன்னால் அவர்களுக்கே ஒரு போன் போடு. அமுதவல்லியிடம் போன் இருக்கிறது.

மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிடாதே, தலைக்கு எண்ணெய் வை. பேசி முடித்ததை மறக்காமல் இருக்க எழுதுகிறேன். கம்பம் குத்தகைக்காரர்களுடையது, கீற்று என்னுடையது, தகரம் போட்டால் அடுப்பு மாதிரி காயும் என்பதால் தகரம் கூடாது. குடிதண்ணீர் டிரம் நம் டிராக்டரில் தினமும் போகும். பாக்கெட்டில் பந்தல் படமும் ஊர்ப் பேரும் மட்டும், விலை எப்போதும் உள்ள விலை. உன் பங்குக்கு, முதல் லாரி கிளம்புகிற அன்று வாங்காதீர்கள் என்பதை எடுத்துவிட வேண்டும், டீ-ஷர்ட் இனி விற்கக் கூடாது. படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று அமுதவல்லி சொல்லிவிட்டாள். ஆனால் அன்றைக்குக் கையைத் தூக்கி அவள் மணிகண்டனிடம் என்ன சொன்னாளோ அதையே கீழே எழுத வேண்டுமாம்: "நிறுத்துடா, பின்னாடி ஆளுங்க நிக்குறோம்."

உன் அம்மா,
ச. அன்னமேரி