டேசியின் சான்று

ஸ்டோனி ரன், ஒஹையோ
1838, முதல் மாதம் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

சளி ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள். நம் சபை வழக்கப்படி எல்லாரும் என்னைப் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒரு சிறுமி எழுந்து, "டேசி, நீ பலகைல போட்ட கணக்கு தப்பு" என்றாள். திரும்பிப் பார்த்தேன், தப்புதான்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி லிடியா, பள்ளிக் குழுவில் இருப்பவள். வாரத்தின் முதல் நாள் தொழுகை முடிந்து வெளியே காலை வைத்ததும் என் முழங்கையைப் பிடிப்பாள். "உங்க ஊர்ல இருந்து சான்று வந்துச்சா?" "இன்னும் வரல." "நாலு மாசம் ஆச்சே, டேசி." நான் என்னவோ அதைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருப்பதுபோல் ஒரு பார்வை.

இவள் ஒழுக்கமானவள், யாருக்கும் கல்யாண வாக்குக் கொடுக்காதவள் என்று சொந்த ஊர்ச் சபைக் கூட்டம் எழுதிக் கொடுத்தால்தான் புது ஊர்க் கூட்டம் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓக்ஃபீல்டு பெண்கள் கூட்டத்துக்கு இருபத்துநான்கு வருஷமாக எழுத்தர் நீதான். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் ஒரே மாதத்தில் சான்று எழுதி அனுப்பினாய். பெற்ற மகளுக்கு மட்டும் ஏன் வரவில்லை? ஐந்தாம் மாதத்துக்குள் வராவிட்டால் இந்தக் கூட்டத்தில் எனக்கு இடமில்லை, பள்ளியில் வேலையும் இல்லை.

அப்பாவுக்கு என் அன்பு.

உன் மகள்,
டேசி

ஓக்ஃபீல்டு, பென்சில்வேனியா
இரண்டாம் மாதம் 3

என் கண்ணே டேசி,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறாயா? சளிக்கு வெங்காயத்தை வேகவைத்துச் சாப்பிடு. அந்த லிடியா வெங்காயத்தை எண்ணி வைப்பவளாக இருந்தால் இங்கிருந்து அனுப்புகிறேன்.

பன்றி அடித்தாயிற்று. கொழுப்பு போன வருஷத்தை விடக் குறைவு. புள்ளி மாடு கன்று போட்டது, கிடேரி. அப்பாவுக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, ஆனால் வாய் திறந்து சொல்ல மாட்டார். வடக்கு வேலி சாய்ந்து கிடந்ததை மாலன் வந்து ஒரே பகலில் நிமிர்த்திக் கொடுத்தான். நல்ல பையன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். அவன் நிலமும் நம் நிலமும் ஒரே வேலி, நினைவிருக்கிறது அல்லவா?

உன் தொப்பியில் அலங்கார நாடா ஏதும் வைத்துத் தைத்துக்கொள்ளாதே. ஒஹையோப் பெண்கள் அப்படிச் செய்வதாகக் கேள்வி.

அன்புடன் அம்மா,
ரூத்தன்னா

ஸ்டோனி ரன்
இரண்டாம் மாதம் 16

அம்மா,

என் தொப்பியில் நாடா இல்லை. மாடு கன்று போட்டதில் மகிழ்ச்சி. இரண்டு பக்கக் கடிதத்தில் பன்றிக் கொழுப்புக்கு இடமிருந்தது, சான்றுக்கு இல்லை.

மாலனைப் பற்றி ஒரு வார்த்தை. போன வருஷம் பெரிய கூட்டத்துக்குப் போய்த் திரும்பும்போது நம் வண்டியின் அச்சு முறிந்ததால் அவன் வண்டியில் ஏறி வந்தேன். ஏழு மைலும் டர்னிப் கிழங்கைப் பற்றியே பேசினான். எந்த மண்ணில் போட்டால் எவ்வளவு பருக்கும் என்று எனக்கு மனப்பாடம். அதைத் தவிர எங்களுக்குள் ஒரு பேச்சும் கிடையாது. இதைப் பத்தாம் மாதமே உனக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது நேராகவே கேட்கிறேன். என் சான்று எங்கே நிற்கிறது? யார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்? வெங்காயம் வேண்டாம். பதில் எழுது.

டேசி

ஓக்ஃபீல்டு
மூன்றாம் மாதம் 8

டேசிக்கு,

தாய்க்கு எழுதும் கடிதத்தில் "அன்புள்ள" என்று ஒரு வார்த்தை போட்டால் மை தீர்ந்துவிடுமா?

பனி உருகி முற்றமெல்லாம் சேறு. புதுக் கன்றுக்குட்டி வாளியில் தலையை விட்டு மாட்டிக்கொண்டது. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடினார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சூசன்னாவும் ஹன்னாவும் உன் விஷயமாக விசாரிக்கக் கூட்டத்தின் சார்பில் வந்தார்கள். பதினோராம் மாதத்தில் ஒரு தடவை, பிறகும் ஒரு தடவை. "டேசி யாருக்காச்சும் வாக்குக் குடுத்திருக்காளா, ரூத்தன்னா?" என்று சூசன்னா கேட்டாள். நாங்கள் மூவரும் அமைதியில் அமர்ந்தோம். நல்ல, ஆழமான அமைதி. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பிறகு ஆப்பிள் பணியாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே.

லிடியாவிடம் என் விசாரிப்பைச் சொல்.

அம்மா

ஸ்டோனி ரன்
மூன்றாம் மாதம் 20

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து தோட்டத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். லிடியா சன்னலில் நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

ஒரு மணி நேரம். உன்னைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "இல்லை" என்று ஒரு சொல் சொல்ல ஒரு மணி நேரம் போதவில்லையா? நீ பொய் சொல்ல மாட்டாய் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் உன் மௌனத்தைப் பார்த்து, ஏதோ இருக்கிறது போலிருக்கிறது என்று அவர்கள் திரும்பிப் போயிருக்கிறார்கள். கடவுளின் குரல் கேட்பதற்கென்று நாம் காக்கும் அமைதி அது. அதை எடுத்து என் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாய். நீ பொய்யே சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

இத்துடன் ஓக்ஃபீல்டு பெண்கள் கூட்டத்துக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. கூட்டத்துக்கு வரும் கடிதத்தை எழுத்தர்தான் எழுந்து நின்று படிக்க வேண்டும். நீ படிக்கலாம், இல்லையென்றால் அடுப்பில் போடலாம். போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

டேசி

(உடன் வைத்தது)

ஓக்ஃபீல்டு பெண்கள் கூட்டத்துக்கு: அன்புத் தோழியரே, நான் யாருக்கும் கல்யாண வாக்குக் கொடுக்கவில்லை. என் அம்மாவுக்கு இது தெரியும். ஆறு மாதமாகத் தெரியும். அவளை மறுபடியும் கேளுங்கள். இந்தத் தடவை அவள் வாய் திறந்து பதில் சொல்லட்டும். — டேசி

ஓக்ஃபீல்டு
நான்காம் மாதம் 12

என் கண்ணே டேசி,

அடுப்பில் போடத்தான் நினைத்தேன். கையில் எடுத்துக்கொண்டு அடுப்படி வரை போனேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யார் வாயிலாவது நீ கேட்க வேண்டாம்.

நேற்று கூட்டத்தில் படித்தேன். இருபத்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "என் அம்மாவுக்கு இது தெரியும்" என்ற இடத்தில் வார்த்தை தடுக்கியது. அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அரைகுறையாகக் கேட்டது என்று யாரும் சொல்லக்கூடாது.

சூசன்னா கேட்டாள், "உன் மக எழுதினது நெசமா, ரூத்தன்னா?"

"நெசம்."

"அப்ப நாங்க ரெண்டு தடவ வந்தப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"சொன்னா அவ போயிருவா."

"அவ போயி ஏழு மாசமாச்சுடி" என்றாள் ஹன்னா. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நீ அவனுக்கு இல்லை என்று மாலனிடம் அப்பாவே போய்ச் சொல்லிவிட்டார். அவன் முழித்தானாம். "நான் டேசியப் பத்தி எதுக்குக் கேட்டேன்? அந்த ஊர்ல டர்னிப் விதை என்ன ஜாதி கெடைக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான்" என்றானாம். அப்பா வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பில் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த எரிச்சலை நீயே ஊகித்துக்கொள்.

உன் சான்றை வேறு யாராவது எழுதட்டும் என்று பேனாவை மேசையில் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை. நானே எழுதினேன். "இவளை உங்கள் அன்பான பராமரிப்பில் ஒப்படைக்கிறோம்" என்று கடைசி வரி வருமே, அதை நாற்பது பெண்களுக்காவது எழுதியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் தாய் எதிர்ப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தியின் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பிறகு சபைப் புத்தகத்தை எடுத்தேன். நீ பிறந்த வாரம் உன் பெயரை அதில் எழுதியதும் நான்தான். பெயருக்கு நேரே "ஸ்டோனி ரன் கூட்டத்துக்குச் சென்றாள்" என்று எழுதி, தேதி போட்டேன். இனி நீ எங்கள் புத்தகத்தில் இல்லை.

சான்று இத்துடன் இருக்கிறது. கடைசி வரியில் ஓரிடத்தில் மை கலைந்திருக்கும். வேறு தாளில் எழுது என்று சூசன்னா சொன்னாள், மாட்டேன் என்றுவிட்டேன். லிடியா அதைப் பார்த்து என்னவென்று கேட்டால், வழியில் மழை என்று சொல்லிவிடாதே. மழை பெய்யவில்லை.

உன் அம்மா,
ரூத்தன்னா