ஆற்றுத்துறையில் நின்றவர்கள்

7 கான் நாள், பாப் மாதம் 2
கான்விட்ஸ், சிறைக் கொட்டடி

அன்புள்ள நிக்தே அக்காவுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். உப்பு வியாபாரி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சி ஊற்றுகிறார்கள், மிளகாய்தான் கண்ணில் படவில்லை. போரில் பிடிபட்ட எழுத்தர்களின் விரல்களை, நம்மை வென்ற இவர்கள் ஒடித்துவிடுவது உனக்குத் தெரியும். எனக்கு மட்டும் ஒரு சலுகையாம். கோயிலின் புதுக் கற்படிக்கட்டில் வெட்ட இவர்களுடைய வெற்றியை எழுதிக் கொடுத்தால் விரலும் தப்பும், வீட்டுக்கும் வரலாம். முடியாது என்றுவிட்டேன்.

உன் தம்பி கூக்


3 பென், பாப் மாதம் 11
சாக்துன்

கூக்,

புத்தி கெட்டுவிட்டதா உனக்கு? நம் அரசன் சண்டை மூளுமுன்பே காட்டுக்குள் ஓடியவன். அவனுக்காகவா விரலைக் கொடுக்கிறாய்? என் கணவர் யோபாத்தும் போரில் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன். பக்கத்து வீட்டுக்காரிகூடக் கேட்கிறாள்: "எழுதிக் குடுத்துட்டு வந்து சேரட்டுமே, கல்லு என்ன வாய தொறந்து பேசவா போவுது?" எழுதிவிட்டு வா. சோளம் விதைக்க ஆளில்லை.

அக்கா


11 இமிஷ், பாப் மாதம் 19
கான்விட்ஸ்

அக்கா,

அரசன் ஓடினான் என்று எழுதச் சொன்னால் இப்போதே எழுதுவேன், அது உண்மை. இவர்கள் கேட்பது வேறு. ஆற்றுத்துறையைக் காத்த நம் பதினான்கு பேரும் ஈட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டார்கள் என்று எழுத வேண்டுமாம். அத்தானும் அவர்களில் ஒருவர் இல்லையா? அவர் நின்றபடியே செத்ததைப் பார்த்தவன் நான். இவர்களுடைய தலைமை எழுத்தன் சிரிக்கிறான்: "செத்தவனுங்க எந்திரிச்சு வந்து கேக்கவா போறானுங்க? எழுதுடா!" நீயே சொல், எழுதட்டுமா?

கூக்


11 ஈஷ், வோ மாதம் 12
சாக்துன்

என் தம்பிக்கு,

நான்கு நாள் அழுதேன். பிறகு கோபம் வந்தது. எழுதாதே. ஒரு கோடுகூடப் போடாதே. முன்பு எழுதச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. விரல் போனால் போகட்டும், நான் ஊட்டிவிடுகிறேன். நீ வந்தால் மட்டும் போதும்.

அக்கா


8 கான், சிப் மாதம் 2
கான்விட்ஸ்

அக்கா,

பத்து விரலும் போயிற்று. வலி உயிர் போகிறது, உன்னிடம் என்ன வீம்பு? நாளை மறுநாள் பலிமேடை. நீ ஊட்டிச் சாப்பிட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இனி இவன் எங்கே எழுதப் போகிறான் என்று காவலைக்கூட எடுத்துவிட்டார்கள், மடையர்கள். வியாபாரி தூரிகை தந்தான், பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். வாயெல்லாம் மை. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று திட்டாதே. நம் ஊர் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி இதைக் கல்லில் வெட்டச் சொல்.

பதினான்கு பேரும் நின்றார்கள். ஒருவரும் மண்டியிடவில்லை. பெயர்களைக் கீழே எழுதுகிறேன். கடைசியாக விழுந்தவர் அத்தான், அவர் பெயர் முதலில்.

யோபாத்.